பின்கோடு 400017-லிருந்து அனிமே பார்த்தால்

நருட்டோவில் நெஜி தன் நெற்றித் துணியை அவிழ்த்துக் காட்டும் இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னது நான் இல்லை, பதினாறு வயதுப் பையன் ஒருவன். மும்பை தாராவியில், தொண்ணூறடிச் சாலைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் மாடி அறையில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்கள், பார்ப்போம். நெஜியின் நெற்றியில் பச்சைக் கோடுகளாக ஒரு முத்திரை. "அண்ணே, இது நம்ம ஊர்க் கதை மாதிரில்லா இருக்கு" என்றான் அந்தப் பையன். திருநெல்வேலியை அவன் கோயில் கொடைக்காக இரண்டு முறை பார்த்ததோடு சரி. பக்கத்தில் இருந்தவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கார்ட்டூன்ல போயி எதுக்குலே சாதியப் பேசுத?"

அன்றைக்கு இருவருக்கும் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

நெஜியின் கதை இதுதான். ஹ்யூகா குலத்தில் தலைமைக் குடும்பம் ஒன்று, கிளைக் குடும்பம் ஒன்று. நெஜியின் அப்பாவும் தலைமைக் குடும்பத்தின் தலைவரும் இரட்டையர்கள். ஒருவர் சற்று முன்னால் பிறந்தார், மற்றவர் சற்றுப் பின்னால். அந்த இடைவெளியில் ஒருவர் எஜமானர் ஆனார், இன்னொருவர் காவல்காரர் ஆனார். கிளைக் குடும்பத்துக் குழந்தையின் நெற்றியில் சின்ன வயதிலேயே முத்திரை குத்திவிடுவார்கள். தலைமைக் குடும்பத்தவர் கையால் ஒரு சைகை செய்தால் போதும், அந்தத் தலை வலியில் வெடிக்கும். நெஜிக்கு அது குத்தப்பட்டது நாலு வயதில். அதனால்தான் அவன் 'விதி' என்ற சொல்லை அவ்வளவு பிடிவாதமாகப் பேசுகிறான். பிறப்பால் வந்த பணி, உடம்பிலேயே எழுதிய அடையாளம், மீறினால் தண்டனை, இதையெல்லாம் நியாயம் என்று நம்ப வைக்கும் ஒரு தத்துவம். இதில் நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்தது என்ன இருக்கிறது? கதைக்காரர் எழுதி வைத்ததைத்தான் அந்தப் பையன் வாசித்தான்.

ஆனால் 'நம்ம ஊர்க் கதை மாதிரி' என்பதோடு நின்றுவிட்டால் பாதிதான் வாசித்ததாகும். ஜப்பானுக்கு இதில் சொந்த வரலாறு இருக்கிறது. அனிமே பார்க்கும் நம் பிள்ளைகள் பலருக்கும் அது தெரியாது, எனக்கும் நெடுநாள் தெரியாது.

புராகுமின் என்று ஒரு மக்கள். எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, தோல் பதனிடுவதும் செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் சிறைக்காவல் பார்ப்பதும் இவர்கள் தலையில் விழுந்த வேலைகள். ஊருக்கு வெளியே, பெரும்பாலும் ஆற்றங்கரை போன்ற இடங்களில் குடியிருப்பு. இவர்களைக் குறித்த பழைய வசைச் சொல் 'எதா'. அதை எழுதும் எழுத்துகளுக்கு 'அழுக்கு மிகுந்தது' என்று பொருள். இன்னொரு சொல் 'ஹினின்', 'மனிதர் அல்லாதவர்'. உடலிலோ மொழியிலோ மதத்திலோ மற்ற ஜப்பானியருக்கும் இவர்களுக்கும் எந்த வேறுபாடும் கிடையாது. 1871-ல் அரசாணை போட்டு இந்தப் பிரிவினையை ஒழித்தார்கள், காகிதத்தில். 1922 மார்ச்சில் கியோட்டோவில் புராகு மக்கள் கூடி 'சுய்ஹெய்ஷா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சமன் செய்வோர் சங்கம் என்று சொல்லலாம். அன்று வாசித்த பிரகடனத்தில் ஒரு கருத்து வருகிறது: மிருகங்களின் தோலை உரித்ததற்குக் கூலியாக, மனிதர்களான எங்கள் தோல் உரிக்கப்பட்டது.

என் தாத்தா தாராவிக்கு வந்ததே தோல் பதனிடும் வேலைக்குத்தான். அந்த வரியை முதன்முதலாகப் படித்த ராத்திரி அவர் கைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. சுண்ணாம்பில் ஊறி ஊறி, விரல் நுனியில் ரேகையே இல்லாமல் வழவழவென்று இருந்த கைகள். அந்தப் பிரகடனத்துக்கு ஐந்து வருடம் கழித்து, 1927-ல், இதே மராட்டிய மண்ணில், தீண்டப்படாதோருக்கு மறுக்கப்பட்டிருந்த மஹாட் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்தார்.

சரி, பழைய கதைதானே என்று விடவும் முடியவில்லை. 1975-ல் ஜப்பானில் ஒரு விஷயம் அம்பலமானது. நாடு முழுக்க இருக்கும் புராகு குடியிருப்புகளின் பெயர்களைத் தொகுத்து ரகசியமாகப் புத்தகம் போட்டு விற்றிருந்தார்கள். பெரிய பெரிய நிறுவனங்கள் அதை வாங்கி வைத்திருந்தன. வேலைக்கு விண்ணப்பித்தவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று அதில் பார்த்துச் சரிபார்ப்பதற்கு. முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாத மக்களை முகவரியை வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

என் முதல் வேலை நேர்காணலில் நான் முகவரியில் 'சயான்' என்றுதான் எழுதியிருந்தேன். இங்கே பலரும் அப்படித்தான் எழுதுவோம், சயான் ஸ்டேஷன் பக்கத்தில்தானே இருக்கிறது. எதிரில் இருந்தவர் விண்ணப்பத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து பின்கோடில் நிறுத்தினார். சயானுக்கு 400022. நான் எழுதியிருந்தது 400017. "தாராவியா?" என்று இந்தியில் கேட்டார், நல்ல மனிதர் போலவே சிரித்துக்கொண்டு. ஃபோன் பண்ணுகிறோம் என்றார்கள், பண்ணவில்லை. அந்த ஆறு இலக்கமும் நெஜியின் நெற்றி முத்திரையும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. நெஜியைப் பார்த்ததும் எங்கள் அறையில் ஏன் அத்தனை பேரும் சட்டென்று அமைதியானார்கள் என்பதைச் சொல்கிறேன்.

ஜப்பானியத் தொலைக்காட்சியில் புராகு மக்களைப் பற்றி நேரடியாகப் பேசுவது அரிது. பழைய வசைச் சொல் ஒன்று தவறி வந்தாலே பெரிய சிக்கலாகிவிடும் என்பதால், அந்தப் பக்கமே போகாமல் இருப்பது வழக்கமாகிவிட்டது. அப்படி நேரே சொல்ல முடியாதது கற்பனை இனங்களாக, சாபங்களாக, முத்திரைகளாக வருகிறது என்பது என் வாசிப்பு. எல்லாவற்றையும் புராகுவோடு முடிச்சுப் போடவும் கூடாது. 'கோல்டன் காமுய்' ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்களின் சமையலையும் வேட்டையையும் மொழியையும் அக்கறையாகக் காட்டுகிறது. அந்த ஐனு மக்களைப் பூர்வகுடிகள் என்று சட்டத்திலேயே ஜப்பான் ஏற்றுக்கொண்டது 2019-ல்தான்.

இனி, ஒப்பிடும்போது கால் இடறும் இடத்துக்கு வருகிறேன். 'அட்டாக் ஆன் டைட்டன்' பற்றிப் பேச்சு வந்தாலே, அதில் ஒடுக்கப்படும் எல்டியர்கள் யார், அவர்களை ஒடுக்கும் மார்லி எந்த நாடு என்று பொருத்திப் பார்க்கும் விளையாட்டு தொடங்கிவிடும். கையில் பட்டை, வேலி போட்ட குடியிருப்பு, அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே போன சிறுமி ஃபேயை நாய்களை விட்டுக் கொல்வது என்று பொருத்துவதற்கு நிறையவே இருக்கிறது. ஆனால் அந்தக் கதையின் அடித்தளத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊசி போட்டால் எல்டியர்கள் உண்மையாகவே மனிதர்களைத் தின்னும் டைட்டன் என்ற ராட்சதர்களாக மாறுவார்கள். அதாவது, அவர்களைப் பார்த்து மற்றவர்கள் பயப்படுவதற்குக் கதைக்குள்ளேயே ஒரு காரணம் வைக்கப்பட்டிருக்கிறது.

நிஜத்தில் அப்படி ஒரு காரணம் கிடையாது. என் தாத்தா தொட்ட தண்ணீரால் யாருக்கும் எதுவும் ஆனதில்லை. ஒடுக்கப்பட்டவர்களிடம் ஏதோ ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பதுதான் ஒடுக்குகிறவன் காலங்காலமாகச் சொல்லிவரும் பொய். கற்பனைக் கதை விறுவிறுப்புக்காக அந்தப் பொய்யைத் தன் உலகத்தில் மெய்யாக்கிவிடுகிறது. மாமிச உண்ணிகளும் தாவர உண்ணிகளும் ஒரே பள்ளியில் படிக்கும் 'பீஸ்டார்ஸ்' கதையிலும் இதே கோளாறு உண்டு. அதற்காக இந்தக் கதைகளை ஒதுக்கச் சொல்லவில்லை. ஒரு அனிமேயில் வெறுக்கப்படும் இனத்தைப் பார்த்தால், அந்த வெறுப்புக்குக் கதை உண்மையான காரணம் கொடுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கொடுத்திருந்தால், 'இவர்கள்தான் நாம்' என்று சொல்லும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த ஒப்பீட்டில் நம்மை நாமே ஆபத்தானவர்கள் என்று ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

'அட்டாக் ஆன் டைட்டன்' கதையிலேயே இந்தச் சிக்கல் இல்லாத ஒரு காட்சி உண்டு. கையில் பட்டையோடு வளர்ந்த காபி என்ற சிறுமி, தான் நல்ல எல்டியர் என்றும் கடலுக்கு அப்பால் தீவில் இருக்கும் எல்டியர்கள் பேய்கள் என்றும் நம்புகிறாள். அங்கே போனபின் கயா என்ற பெண் அவளிடம் கேட்கிறாள், என் அம்மா ஏன் சாக வேண்டியிருந்தது என்று. உங்கள் மூதாதையர் செய்த பாவம் என்று காபி பட்டியல் போடுகிறாள். என் அம்மா இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்தவள், அவள் என்ன செய்தாள் என்று திரும்பக் கேட்கிறாள் கயா. காபியிடம் பதில் இல்லை. தன்மேல் சுமத்திய இழிவை நம்பி, அதைத் தனக்குக் கீழே இருப்பவன்மேல் தள்ளிவிடும் மனசு எப்படி வேலை செய்கிறது என்பதை இத்தனை சின்னக் காட்சியில் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. எங்கள் சாலிலேயே, அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பிலேயே, இந்தத் தெருக்காரன் அந்தத் தெருக்காரனைப் பேசும் பேச்சு எனக்குத் தெரியும்.

'ஒன் பீஸ்' மீன்மனிதத் தீவுக் கதையை இந்த விஷயத்தில் நான் மேலாக வைப்பேன். மேலே வாழும் வான் டிராகன்கள் என்ற பிரபுக்கள் மீன்மனிதர்களை அடிமைகளாக்கி உடம்பில் சூடு வைக்கிறார்கள். ஃபிஷர் டைகர் என்ற மீன்மனிதர் அங்கே ஏறிப் போய் அடிமைகளை விடுவிக்கிறார். தப்பித்தவர்களின் சூட்டுத் தழும்பு தெரியாதபடி அதன் மேலேயே சூரியன் சின்னத்தைப் பதிக்கிறார். அவர் கப்பலில் கோவாலா என்ற மனிதச் சிறுமியும் வருகிறாள், அவளும் அடிமையாக இருந்தவள். எந்நேரமும் சிரித்த முகத்தோடு கப்பல் தளத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். நிறுத்தினால் அடிப்பார்கள், அழுதால் கொல்வார்கள் என்று அவள் உடம்பு பழகியிருக்கிறது. இனி தேய்க்க வேண்டாம் என்று சொன்ன பிறகும் அந்தக் கை நிற்பதில்லை.

டைகர் சாகும்போது ரத்தம் இருந்தால் பிழைப்பார். இருந்தது மனித ரத்தம், வேண்டாம் என்கிறார். மூளைக்குத் தெரிகிறது, உள்ளே இருக்கும் பேய்தான் ஏற்க மறுக்கிறது என்று அவரே சொல்லிவிட்டுச் சாகிறார். மனிதருக்கு ரத்தம் கொடுக்கக் கூடாது என்று மீன்மனிதர்களின் நாட்டிலும் ஒரு சட்டம். கடைசியில் ஜின்பே என்ற மீன்மனிதர் அந்தச் சட்டத்தை மீறித் தன் ரத்தத்தை, கதையின் நாயகனான மனிதன் லூஃபிக்குக் கொடுக்கிறார். இருவரின் ரத்தமும் ஒரே வகைதான். கதை அங்கே ஒரு வரி பிரசங்கம்கூடச் செய்வதில்லை, ஒரு குழாய் வழியாகச் சிவப்பாக ஏதோ போகிறது, அவ்வளவுதான்.

அதே கதையின் வில்லன் ஹோடி, அவனும் மீன்மனிதன்தான். மனிதர்கள் உனக்கு என்னதான் செய்தார்கள் என்று இளவரசன் ஃபுகாபோஷி கேட்கும்போது அவன் சொல்லும் பதில்: ஒன்றும் செய்யவில்லை. பெரியவர்களின் வெறுப்பை மட்டும் கேட்டு வளர்ந்தவன் அவன். இந்தக் காட்சி எனக்குப் பிடிக்கும், உறுத்தவும் செய்யும். மேலே அமர்ந்திருக்கும் வான் டிராகன்கள் அப்படியே இருக்க, கீழே மிதிபட்டவர்கள் முதலில் தங்கள் கசப்பைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்று கதை கேட்கிறது. நடந்ததைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டால் கசப்பு தொடராது என்கிறது. என் தாத்தா ஊரை விட்டு ஏன் வந்தார் என்று கேட்டால் 'பஞ்சம்' என்று ஒரே சொல்தான் சொல்வார். அந்தப் பஞ்சத்துக்குள் வேறு என்னவெல்லாம் இருந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபத்தைந்து வயது ஆகவேண்டியிருந்தது. சொல்லாமல் விட்டதால் எனக்குள் எதுவும் ஆறிவிடவில்லை. நேர்காணலில் அந்த விரல் நின்றபோது, அது என் குற்றம் என்றுதான் நினைத்தேன்.

2021-ல் வந்த 'எய்ட்டி சிக்ஸ்' தொடரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சான் மக்னோலியா என்ற குடியரசு. 85 வட்டாரங்களில் வெள்ளி முடியும் வெள்ளிக் கண்ணும் கொண்டவர்கள் வாழ்கிறார்கள். மற்றவர்களைத் துரத்தி மதிலுக்கு வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்துக்கு 86 என்று பெயர். எதிரியோடு நடக்கும் போரில் எங்கள் ஊர்திகள் எல்லாம் ஆளில்லா ஊர்திகள் என்று அரசு அறிவிக்கிறது. செய்தியில் தினமும் 'இன்றும் உயிரிழப்பு பூஜ்யம்'. அந்த ஊர்திகளுக்குள் 86-ஐச் சேர்ந்த பிள்ளைகள் உட்கார்ந்து செத்துக்கொண்டிருக்கிறார்கள். குடியரசின் கணக்கில் அவர்கள் மனிதர்கள் இல்லை, அதனால் பூஜ்யம் என்பது கணக்குப்படி சரி.

அதே 2021 ஜூலையில் மாநிலங்களவையில் ஒரு கேள்விக்கு ஒன்றிய அரசு பதில் சொன்னது: மனிதக் கழிவை மனிதர் அகற்றும் வேலையால் இறந்ததாகத் தகவல் இல்லை. சாக்கடைக் குழியிலும் கழிவுத் தொட்டியிலும் இறங்கி விஷவாயுவில் இறந்தவர்கள் வேறு தலைப்பில் வருகிறார்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வேலைக்கு 'அபாயகரமான சுத்திகரிப்பு' என்று தனிப்பெயர் வைத்திருக்கிறது. தலைப்பை மாற்றினால் எண்ணிக்கை மாறிவிடுகிறது. அப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. அந்தக் கதையை எழுதியவருக்கு நம் மாநிலங்களவை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் சாவைக் கணக்கிலிருந்து எடுப்பதற்கு முதலில் மனிதனைக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும் என்ற அந்த வழிமுறை எங்கேயும் ஒன்றுதான். ஒப்பிட வேண்டியது இப்படி வழிமுறைகளை. எந்த நாடு எந்த நாடு என்று பொருத்துவதில் எதுவும் துலங்குவதில்லை.

அந்தத் தொடரில் லேனா என்ற அதிகாரி இருக்கிறாள். மதிலுக்கு உள்ளே உட்கார்ந்து தொலைத்தொடர்புக் கருவி வழியாகப் பிள்ளைகளிடம் பரிவாகப் பேசுபவள். ஒரு பெண் செத்ததும் லேனா உருகிப் பேசுகிறாள். அப்போது தியோ என்ற பையன் கத்திவிடுகிறான்: இத்தனை நாளில் எங்கள் பெயரைக்கூட நீ கேட்டதில்லை. உண்மைதான், குறிப்புப் பெயர்களை வைத்தேதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நல்லவர்களின் பரிவில் இருக்கும் ஓட்டையை அந்த ஒரு காட்சி பிடித்துவிடுகிறது. எங்கள் வரிசையில் ஒரு அண்ணன் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் சாக்கடை வேலை பார்த்தார். எல்லோரும் 'கட்டர்வாலா' என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான் அவர் பெயர் எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. மறுநாள் போய்க் கேட்டேன்.

இயக்குநர் மியாசாகியின் 'பிரின்சஸ் மோனோனோகே' படம் 1997-ல் வந்தது. இரும்பு உருக்கும் ஊரில், உடம்பெல்லாம் துணி சுற்றிய தொழுநோயாளிகள் துப்பாக்கி செய்கிறார்கள். எங்கள் அழுகிய சதையைக் கழுவிக் கட்டுப்போட்டவர் ஊர்த் தலைவி எபோஷி மட்டும்தான் என்று அவர்களில் ஒரு முதியவர் சொல்கிறார். டோக்கியோவில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தொழுநோயாளர் இல்லத்துக்குப் போனது அந்தப் படத்தைப் பாதித்ததாக மியாசாகி பின்னாளில் பேசியிருக்கிறார். நோயாளிகளைப் பிரித்து அடைத்து வைத்த ஜப்பானியச் சட்டம் நீங்கியது 1996-ல், படம் வருவதற்கு முந்தைய வருடம். எங்களுக்குப் பக்கத்து வடாலாவில் 1890-ல் தொடங்கிய ஆக்வொர்த் தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. இந்தியாவில் தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்ட முடியாது என்று சட்டம் மாறியது 2019-ல். இவ்வளவு நல்லவளான எபோஷிதான் காட்டையும் அழிக்கிறாள், அதில் வாழ்பவர்களையும் அழிக்கிறாள். ஒருவருக்கு நியாயம் செய்கிற கை இன்னொருவர் வீட்டை இடிக்கவும் செய்யும் என்பதை அந்தப் படம் மழுப்பாமல் காட்டுகிறது.

மறுபடி நெஜிக்கு வருகிறேன், அவன் கதை அப்படியே நிற்கிறது. விதியை உடைக்கலாம் என்று தொடரின் நாயகன் நருட்டோ அவனைத் தோற்கடித்து நிரூபிக்கிறான், தான் தலைவன் ஆனால் ஹ்யூகா குலத்தை மாற்றுவதாகவும் சொல்கிறான். அப்புறம் என்ன ஆகிறது? ஊரே ஒதுக்கிய அநாதை என்று நாம் நம்பிய நருட்டோ, ஊர்த் தலைவராக இருந்த நான்காவது ஹோகாகேயின் மகன் என்று தெரியவருகிறது. பெரிய வம்சம், பெரியவர் ஒருவரின் மறுபிறவி. உழைத்து வந்தவன் என்று நினைத்தால், அவனுக்கும் ரத்தத்தில்தான் இருந்திருக்கிறது. நெஜி போரில் சாகிறான். அவன் செத்தபின் நெற்றியில் இருந்த முத்திரை மெல்ல மறைகிறது. அந்தக் குல வழக்கத்தை ஒழித்த காட்சியைக் கதை நமக்குக் கொடுக்கவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த தொடர் இது, ஆனாலும் இந்த இடத்தில் அது நெஜிக்குச் செய்தது அநியாயம் என்றுதான் சொல்வேன். பிடித்த கதையிடம் நியாயம் கேட்பதில் தவறில்லை. 'கார்ட்டூன்ல எதுக்கு' என்று கோபப்பட்ட தம்பிக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன், குறை சொன்னால் பிடித்தது பறிபோய்விடும் என்று. போகாது. நாங்கள் எல்லோரும் நருட்டோவை இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

கதைக்கு வெளியிலும் நீதி பற்றிப் பேச விஷயம் உண்டு. இரண்டு முக்கியச் சட்டகங்களுக்கு நடுவே வரும் அசைவுகளை வரைபவர்களுக்கு, அதாவது தொழிலில் புதிதாக நுழைபவர்களுக்கு, ஒரு படத்துக்கு இவ்வளவு என்றுதான் பெரும்பாலும் கூலி. சுமார் 200 யென், நம் கணக்கில் நூறு ரூபாய்க்குச் சற்று மேல். இதைச் சொன்னபோது எங்கள் அறையில் உடனே புரிந்துகொண்டது, அந்தச் சாதிக் கேள்வி கேட்டுக் கோபப்பட்ட அதே பையன்தான். அவன் அம்மா பர்ஸ் தைக்கிறார், பீஸ் ரேட்டு. தையல் கோணினால் அந்தப் பீஸுக்குக் காசு கிடையாது. "படம் சரியில்லைன்னா திரும்ப வரையணுமாண்ணே? அதுக்குக் காசு தருவாங்களா?" என்று கேட்டான். ஒரு நாளைக்கு எத்தனை படம் முடியும், அறை வாடகை என்ன ஆகும் என்று அவனே விரல் விட்டு எண்ணத் தொடங்கினான்.

அத்தியாயம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் அடுத்ததுக்குத் தாவும் பொத்தான் திரையில் வந்தது. ரிமோட் அவனிடம்தான் இருந்தது, அவன் அழுத்தவில்லை. ஜப்பானிய எழுத்து எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. முழுக்க ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.